தாம்பரத்துல இருந்து ரெண்டு மணி நேரம்... பல்லவர் தலைநகரை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி? - காஞ்சிபுரம் கம்ப்ளீட் கைடு

"இந்த வீக் எண்ட் எங்க போலாம்?"

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் வெள்ளிக்கிழமை ராத்திரி இந்தக் கேள்வி வரும். ஈசிஆர், மகாபலிபுரம், பாண்டிச்சேரி என்று வழக்கமான பதில்களும் வரும். நடுவில் யாராவது "காஞ்சிபுரம்" என்று சொன்னால், "ஏன், யாருக்காவது கல்யாணப் புடவை எடுக்கணுமா?" என்றுதான் ரிப்ளை வரும்.

இன்னொரு பக்கம், இன்ஸ்டாவைத் திறந்தால் வியட்நாம் ட்ரிப் ரீல்ஸ் வரிசை கட்டுகின்றன. அங்கே ஹூவே என்று ஒரு பழைய தலைநகரம் இருக்கிறது. 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்து அரசர்கள் ஆண்ட ஊர். 1993-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. காலையில் ஒரு கைடு வந்து நம்மை அழைத்துப்போய், கோட்டை வாசல், அரியணை மண்டபம், அரசர்களின் கல்லறைகள் என்று மாலைக்குள் ஒரு ராஜ்ஜியத்தையே கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்.

அதே மாதிரி ஒரு நாளை, அதைவிட ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழைமையான ஒரு தலைநகரில் நீங்கள் செலவழிக்கலாம். பாஸ்போர்ட் வேண்டாம். தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் போதும்.

காஞ்சிபுரத்தைக் 'கோயில் ஊர்', 'பட்டு ஊர்' என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால், ஏறத்தாழ 300 ஆண்டுகள் தமிழகத்தின் வடபகுதியை ஆண்ட பல்லவர்களின் தலைநகரம் அது. அந்தத் தலைநகரைத் தேடிப் பார்ப்பதற்கான ஒரு நாள் பிளான்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: அரண்மனை எங்கே?

காஞ்சிக்கு முதன்முறை போகிறவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பல்லவர் அரண்மனை என்று கைகாட்ட இன்று அங்கே ஒரு கட்டடமும் நிற்கவில்லை. கோட்டைச் சுவரும் இல்லை.

காரணத்தை ஒரு பல்லவ மன்னனே மறைமுகமாகச் சொல்லியிருக்கிறான். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் இந்தக் கோயிலை உருவாக்கியதாக அங்கே கல்வெட்டில் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறான். அப்படியென்றால், அதுவரை கட்டடம் என்றாலே செங்கல், மரம், சுண்ணாம்புதான். அரண்மனைகளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். 1,300 வருட மழையில் அவை தாங்கவில்லை. கல்லில் கட்டியவை மட்டும் மிஞ்சின.

அந்த மகேந்திரவர்மனைத் தேடி நீங்கள் விழுப்புரம் வரை போகக்கூட வேண்டாம். பல்லாவரம் மலையில் அவன் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று அது ஒரு இஸ்லாமிய வழிபாட்டுத் தலம். தினமும் ஆபீஸ் போகும் வழியில் நாம் கடக்கும் ஊரின் பெயரிலேயே பல்லவர் இருக்கிறார்கள்!

அந்தக் காலத்துக் காஞ்சி எப்படி இருந்தது? 7-ம் நூற்றாண்டில் இங்கே வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கின் குறிப்பில், நகரத்தின் சுற்றளவு 30 லி என்று வருகிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கும் மேல். நூற்றுக்கும் அதிகமான பௌத்த மடங்களும், 80 அளவிலான தேவர் கோயில்களும் இருந்ததாக எழுதியிருக்கிறார். 'கடிகை' என்ற பெயரில் உயர்கல்வி நிலையமும் இங்கே இருந்தது. கர்நாடகத்தில் கதம்ப வம்சத்தைத் தொடங்கிய மயூரசர்மன், முதலில் காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்த மாணவன்தான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்த ஊர் ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும்.

இன்று அந்தத் தலைநகரை நேரில் பார்க்க உதவுபவை முக்கியமாக இரண்டு கட்டடங்கள். கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில். ஒரு நாள் ட்ரிப்பில் உங்கள் நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

எப்படிப் போவது?

ரயில்: சென்னை கடற்கரையில் இருந்து தாம்பரம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும் புறநகர் ரயில்கள் இருக்கின்றன. சில திருமால்பூர், அரக்கோணம் வரை போகும். செங்கல்பட்டு ரயில்போல அடிக்கடி வராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் முந்தின நாளே டைமிங் பார்த்துவிடுங்கள், திரும்பி வரும் ரயிலுக்கும் சேர்த்து. அன்ரிசர்வ்ட் டிக்கெட்தான், மொபைல் ஆப்பிலேயே எடுக்கலாம். 'காஞ்சிபுரம் கிழக்கு' முதலில் வரும். நீங்கள் இறங்க வேண்டியது அடுத்த ஸ்டேஷனான 'காஞ்சிபுரம்'.

பஸ், பைக், கார்: படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகப் போகலாம். தாம்பரத்தில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஒரகடம் பக்கம் கன்டெய்னர் லாரிகள் அதிகம். பைக்கில் போகிறவர்கள் காலை 6 மணிக்கு முன்பே கிளம்புவது நல்லது.

டூர் பஸ்: தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சென்னையில் இருந்து காஞ்சி - மாமல்லபுரம் இரண்டையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் பேக்கேஜ் நடத்துகிறது. வயதானவர்களுடன் போகிறீர்கள் என்றால் வசதி. ஆனால், நிதானமாக நின்று பார்க்க நேரம் கிடைக்காது. இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு நாள் கொடுப்பதுதான் சரி.

நேரக் கணக்கு இதுதான்

காஞ்சி ட்ரிப்பில் பெரும்பாலானோர் சொதப்புவது இங்கேதான். கோயில்கள் பொதுவாக மதியம் 12 மணி, 12.30-க்கு நடை சாத்தினால், மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். 10 மணிக்கு மேல் போய் இறங்கினால், ஒன்றிரண்டு கோயிலோடு காலைப் பொழுது முடிந்துவிடும். மீதி நேரத்துக்குப் புடவைக் கடை வாசல்தான்.

காலை 5.30 - 6.00: தாம்பரத்தில் இருந்து கிளம்புங்கள்.
காலை 8.00: டிபன்.
காலை 8.30 - 10.00: கைலாசநாதர் கோயில்.
காலை 10.15 - 11.15: வைகுண்டப் பெருமாள் கோயில்.
காலை 11.30 - 12.15: ஏகாம்பரநாதர் அல்லது காமாட்சி அம்மன், ஏதாவது ஒன்று.
மதியம் 12.30 - 4.00: சாப்பாடு, அண்ணா நினைவு இல்லம், நெசவு.
மாலை 4.00 - 5.30: சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள்.
மாலை 6.00: ரிட்டர்ன்.

ஊருக்குள் சுற்ற ஆட்டோதான் வசதி. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பேசாமல், அரை நாளுக்கு மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். "புடவைக் கடை ஸ்டாப் வேணாம்ணா" என்பதையும் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

ஸ்டாப் 1: கைலாசநாதர் கோயில்

ஊரின் மேற்கு ஓரத்தில், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தைத் தாண்டினால் வரும். வானுயர்ந்த கோபுரம், பூக்கடை வரிசை எதுவும் இருக்காது. புல்வெளிக்கு நடுவில் மணல் நிறத்தில் ஒரு கோயில். "இதுவா?" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கட்டியவனும் இவன்தான். முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன சந்நிதிகள் தெரியும். அதில் ஒன்றைக் கட்டியது அரசி ரங்கபதாகை. அவள் பெயர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. அரசர்கள் பெயராகவே கேட்டுப் பழகிய நமக்கு, 1,300 வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் கையெழுத்து மாதிரி அது.

உள்ளே போனதும் நான்கு பக்கச் சுவரையும் பாருங்கள். சுவரை ஒட்டி 58 சிறு சந்நிதிகள். அவற்றின் கீழ்ப்பகுதியில் ராஜசிம்மனின் பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ரணஜயன், அத்யந்தகாமன், சிவசூடாமணி என்று 200-க்கும் மேற்பட்ட பெயர்கள். அலங்கார எழுத்துகளிலும் அதே பெயர்களைத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். 'பயோ'வில் நாலு வரி எழுதவே நாம் யோசிக்கிறோம். மனிதர் மதில் முழுக்க எழுதியிருக்கிறார்!

சில சந்நிதிகளுக்குள் எட்டிப் பார்த்தால், சுவரில் சிவப்பும் மஞ்சளுமாகச் சில கோடுகள் தெரியும். அழுக்கு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம் அவை. ஒரு முகம், ஒரு கிரீடத்தின் விளிம்பு, ஒரு கை என்று துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. முழுக் கோயிலும் ஒரு காலத்தில் இப்படி வண்ணத்தில் இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். ஃபிளாஷ் மட்டும் போடவேண்டாம்.

மூலவரைச் சுற்றி ஒரு குறுகலான பாதை இருக்கிறது. தவழ்ந்து நுழைந்து, சுற்றி வந்து, மறுபடி குனிந்து வெளியே வர வேண்டும். மறுபிறப்பு இல்லை என்பது நம்பிக்கை. மூச்சுத் திணறல், முட்டிவலி இருப்பவர்கள் தவிர்த்துவிடலாம்.

இந்தக் கோயிலில் நீங்கள் தவறவிடக் கூடாத ஒன்று, முன் மண்டபத்துத் தூண் ஒன்றில் இருக்கிறது. பல பேர் அதில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். தூணின் பின்பக்கம் கன்னடக் கல்வெட்டு. காஞ்சியில் கன்னடம் எப்படி?

கதை இதுதான். 642-ல் மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியர் தலைநகரான வாதாபியைப் பிடித்து எரித்தான். சுமார் 100 வருடம் கழித்து, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிவாங்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால், அவன் ஊரை எரிக்கவில்லை. இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தத் தூணில் எழுதிவைத்துவிட்டுப் போனான்.

அதோடு முடியவில்லை. அவனுடைய அரசி லோகமகாதேவி, கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் ஒரு கோயில் கட்டினாள். இன்று விரூபாட்சர் கோயில் என்று அழைக்கப்படும் அது, காஞ்சிக் கைலாசநாதரின் சாயலில் இருக்கிறது. 1987-ல் பட்டடக்கல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் தாக்கம் எல்லோராவின் கைலாசர் கோயிலிலும் தெரிகிறது என்பது கலை வரலாற்றாளர்களின் கருத்து. படையெடுத்து வந்த எதிரி, ரசிகராகத் திரும்பிப் போயிருக்கிறார்.

ஸ்டாப் 2: வைகுண்டப் பெருமாள் கோயில்

காஞ்சிபுரம் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பரமேஸ்வர விண்ணகரம் என்பது பழைய பெயர். மூன்று அடுக்குகள். கீழே அமர்ந்த கோலம், நடுவில் பள்ளிகொண்ட கோலம், மேலே நின்ற கோலம் எனப் பெருமாளுக்கு மூன்று கருவறைகள். வழக்கமான நாள்களில் கீழே மட்டும்தான் தரிசனம்.

பக்தர்கள் சாமி கும்பிட்டுவிட்டு நேராக வெளியே வந்துவிடுவார்கள். நீங்கள் கருவறையைச் சுற்றியிருக்கும் திருச்சுற்றுக்குப் போங்கள். சிங்கத் தூண்கள் தாங்கும் நீளமான தாழ்வாரம். அதன் சுவர் முழுக்க இரண்டு வரிசையாகச் சிற்பங்கள். இவை புராணக் காட்சிகள் மட்டும் அல்ல. பிரம்மாவில் தொடங்கி, பல்லவ வம்சத்தின் கதையைப் படம் படமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு ராஜ்ஜியம் தன்னைப் பற்றித் தானே சொன்ன கிராஃபிக் நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிசூட்டு விழா, போர், யானைகள், தூதுவர்கள் என்று நீளும். இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள பட்டையில் சில இடங்களில் கல்வெட்டாக விளக்கமும் உண்டு. அதாவது, கேப்ஷன்!

இதில் கடைசிப் பகுதிதான் கிளைமாக்ஸ். சுமார் 731-ல், இரண்டாம் பரமேஸ்வரவர்மன் இறந்துபோகிறான். அரியணை காலி. அமைச்சர்கள், கடிகையைச் சேர்ந்தவர்கள், மக்கள் பிரதிநிதிகள் எல்லோரும் சேர்ந்து, பல்லவ வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனைத் தேடிப் போகிறார்கள். "எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும்" என்று கேட்கிறார்கள். அவனுக்கு நான்கு மகன்கள். மூத்தவர்கள் மூன்று பேரும் "நான் போகவில்லை" என்று மறுத்துவிடுகிறார்கள். "நான் போகிறேன்" என்று சொன்னவன் கடைசிப் பையன், பல்லவமல்லன். அப்போது அவனுக்கு வயது 12.

அப்பாவுக்கு மனசே இல்லை. கடைசியில் அனுப்பிவைக்கிறார். மலைகள், ஆறுகள், காடுகள் தாண்டி அந்தச் சிறுவன் காஞ்சிக்கு வந்து, இரண்டாம் நந்திவர்மன் என்று முடிசூடுகிறான். அவன் எந்த ஊரில் இருந்து வந்தான் என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் இருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இந்தியாவுக்குள்ளேயேதான் என்பது இன்னொரு தரப்பு.

இப்போது காலையில் பார்த்த கன்னடத் தூணை நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தது இந்தப் பையனின் ஆட்சியில்தான். சின்ன வயதில் பொறுப்பேற்று, தலைநகரத்தையே எதிரியிடம் இழந்து, மீண்டும் அதைப் பெற்று, சுமார் 65 ஆண்டுகள் ஆண்டு, இந்தக் கோயிலைக் கட்டி, "நான் எப்படி ராஜா ஆனேன்" என்பதைச் சுவரில் செதுக்கிவைத்திருக்கிறான். வெளியில் இருந்து வந்த ஒருவனுக்கு, தான் இந்த ஊர்க்காரன் என்று நிரூபிக்கும் தேவை இருந்திருக்கும் அல்லவா?

ஏன் சீக்கிரம் போகணும்?

இரண்டு கோயில்களும் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனவை. செதுக்க எளிது. அதே அளவுக்குக் கரைவதும் எளிது. கிரானைட் மாதிரி காலத்தை எதிர்த்து நிற்காது. மழை, ஈரம், உப்பு எல்லாமே அதை உதிர்க்கும். வைகுண்டப் பெருமாள் கோயிலில் பல முகங்கள் ஏற்கெனவே மழுங்கிவிட்டன. கைலாசநாதரில் பிற்காலத்தில் பூசிய சுதை, பல சிற்பங்களின் மூல வடிவத்தை மறைத்திருக்கிறது.

மத்தியத் தொல்லியல் துறை இரண்டையும் பராமரிக்கிறது. ஆனால், தேய்ந்துபோன முகத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஒரு தலைநகரின் சொந்தக் கதை கல்லில் இருப்பது அங்கே மட்டும்தான். அதனால் இந்த ரூல்ஸ் ரொம்ப முக்கியம்:

சிற்பத்தைத் தொடாதீர்கள். ஒரு கை பட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் நூறு கைகள் பட்டால் ஆகும்.

தூணில் சாய்ந்தும், சிங்கத்தின் மேல் உட்கார்ந்தும் போட்டோ வேண்டாம்.

பெயர் எழுதுவது, விபூதி - குங்குமத்தைச் சுவரில் தடவுவது கூடவே கூடாது.

கைடு அவசியமா?

மற்ற இடங்களுக்கு எப்படியோ, இந்த இரண்டு கோயில்களுக்கும் அவசியம். கைடு இல்லாமல் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் "நிறைய சிலைகள்" என்பதோடு முடிந்துவிடும். எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி என்று விரல் நீட்டிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

எப்படித் தேர்வு செய்வது?

சுற்றுலாத் துறையின் அங்கீகார அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எத்தனை இடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். நாலைந்து பேராகப் போனால் ஷேர் செய்துகொள்ளலாம்.

"கன்னடக் கல்வெட்டு தூணையும், 12 வயசுப் பையன் சிற்பத்தையும் காட்டுவீங்களா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலர்ந்தால், சரியான ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

கதை கேட்கும்போது, "இது கல்வெட்டுல இருக்கா, தல புராணமா?" என்று நடுநடுவே கேளுங்கள். இரண்டுமே கேட்கவேண்டிய கதைகள்தான். எது எது என்று தெரிந்து கேட்டால் சுவை கூடும்.

மற்ற கோயில்கள்: ஷார்ட்டா பார்க்கலாம்

ஏகாம்பரநாதர்: பஞ்சபூதத் தலங்களில் நிலத்துக்கு உரியது. சுமார் 190 அடி உயர ராஜகோபுரத்தை 1509-ல் கட்டியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். பல்லவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் காஞ்சி எவ்வளவு முக்கியமான ஊராக இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

காமாட்சி அம்மன்: ஊரின் மையம். மற்ற கோயில்களுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம்.

வரதராஜப் பெருமாள்: சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்கும் நூற்றுக்கால் மண்டபம், தங்கப் பல்லி ஆகியவை பிரபலம். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் ஊரே திணறியது ஞாபகம் இருக்கிறதா? 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தி வரதர் எழுந்தருளுவது இந்தக் கோயில் குளத்தில் இருந்துதான். அடுத்த தரிசனம் 2059-ல்.

திருப்பருத்திக்குன்றம்: இன்னும் அரை நாள் கையில் இருந்தால், வேகவதி ஆற்றைத் தாண்டி இந்தச் சமணக் கோயிலுக்குப் போங்கள். சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதை ஓவியங்களாக இருக்கிறது. காஞ்சியில் சைவம், வைணவத்தோடு சமணமும் பௌத்தமும் வாழ்ந்தன என்பதை நம்ப இது உதவும். மணிமேகலைக் காப்பியம் முடிவதும் காஞ்சியில்தான்.

மதியம் என்ன செய்வது?

சாப்பாடு: காஞ்சிபுரம் இட்லியை அதன் சொந்த ஊரில் சாப்பிட்டுப் பாருங்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைக்கும் கோயில் இட்லி, வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியம். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டம்ளரில் வேகவைத்த வெர்ஷன். "குடலை இட்லி இருக்கா?" என்று கேட்டு வாங்குங்கள்.

அண்ணா நினைவு இல்லம்: 1909 செப்டம்பர் 15-ல் அறிஞர் அண்ணா பிறந்த ஊர் இது. அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பல்லவர் காலத்தில் இருந்து நேராக 20-ம் நூற்றாண்டு அரசியலுக்கு வந்துவிடலாம்.

நெசவு: கடைக்குப் போகும் முன் ஒரு தறியைப் பாருங்கள். பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தாலே தறிச் சத்தம் கேட்கும். அனுமதி கேட்டு உள்ளே போங்கள். அது அவர்களின் வீடு. உடலும் பார்டரும் தனித்தனி நிறமாக, நெய்யும்போதே கோத்து இணைக்கும் 'கோர்வை'தான் காஞ்சிப் பட்டின் அடையாளம். அதனால்தான் ஒரு சேலைக்கு அவ்வளவு நாளும் அவ்வளவு உழைப்பும் ஆகிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வாங்குவதாக இருந்தால் கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்குப் போங்கள். சில்க் மார்க், கைத்தறி முத்திரை இரண்டையும் பார்த்து வாங்குங்கள். "டிஸ்கவுன்ட்ல ஒரிஜினல் ஜரிகை" என்று யாராவது ரொம்பக் கூப்பிட்டால், ஒருமுறை யோசியுங்கள்.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

வழிபாட்டில் இருக்கும் கோயில்கள் என்பதால் ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ் தவிர்த்துவிடுங்கள்.

11 மணிக்கு மேல் கல் தரை சுடும். செருப்பை வெளியே விட வேண்டும் என்பதால், சாக்ஸ் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். சித்திரை, வைகாசி வெயிலில் மதிய வேளை ரொம்பக் கஷ்டம்.

பங்குனி உத்திரம், வைகாசி கருட சேவை நாள்களில் திருவிழா பார்க்கப் போகலாம். சிற்பம் பார்க்கப் போகவேண்டாம். முகூர்த்த நாள்களிலும் ஊருக்குள் டிராஃபிக் அதிகம்.

தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன டார்ச். தாழ்வாரத்தின் இருண்ட மூலைகளில் சிற்பத்தின் விவரம் அப்போதுதான் தெரியும். ஓவியம் இருக்கும் இடங்களில் மட்டும் டார்ச்சும் வேண்டாம்.

ஹூவே நகரமும் போர்களில் பெரிதும் சிதைந்ததுதான். 1968 சண்டையில் அரண்மனை வளாகத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. மிஞ்சியதைக் கதையோடு காட்டுவதால்தான் உலகமே அங்கே போய் நிற்கிறது. காஞ்சியிலும் மிஞ்சியது இருக்கிறது, கதையும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள்தான் குறைவு.

இந்த வெள்ளிக்கிழமை குரூப்பில் "எங்க போலாம்?" என்று மெசேஜ் வந்தால், "12 வயசுல ராஜாவான ஒரு பையனோட ஊருக்கு" என்று போட்டுப் பாருங்கள். ட்ரெயின் டைமிங்கையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்!